கோஷம் போட ஒதுக்கிய இடம்

மஞ்சணூரில் கோஷம் போட ஒதுக்கிய இடம் எழுந்து நடக்கத் தொடங்கியது ஒரு தை மாதச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. அலுவலகங்கள் திறக்கிற நேரம், பஸ் ஸ்டாண்டில் ஏழு பஸ்ஸும் முந்நூறு பேரும் இருந்தார்கள், அத்தனை பேர் கண் முன்னாலும் அது நகர்ந்தது, ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நகராட்சி எதையோ நகர்த்துகிறது, எதற்கென்று கேட்டால் நம்மையும் சேர்த்து நகர்த்திவிடும், நமக்கேன் வம்பு என்று எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த ஊரின் புத்தியை அந்த இரண்டு சொல்லில் அடக்கிவிடலாம். நானும் இந்த ஊர்க்காரன்தான்.

அந்த இடம் உண்டான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் பால்பாண்டிக்கு, ஊரில் நாலு மூலையிலும் ஆட்கள் கூடி நின்று தொண்டை கிழியக் கத்துவது பிடிக்கவில்லை. மக்களாட்சியில் கத்தக் கூடாது என்று சொல்லவும் முடியாது. ஆகவே கத்துவதற்கென்று ஓர் இடம் ஒதுக்கினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கட்டணக் கழிப்பறைக்கும் குப்பைக் கிடங்குக்கும் நடுவில், இருபதடிக்கு இருபதடி சிமெண்டுத் தரை, சுற்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. கோட்டுக்குள் நின்று என்ன பேசினாலும் வழக்கு இல்லை, கோட்டுக்கு வெளியே என்ன பேசினாலும் வழக்கு உண்டு என்று உத்தரவு போட்டார். அப்படியாவது எல்லோரும் அந்த நாற்றத்துக்குள் போய்த் தொலையட்டும் என்பது அவர் கணக்கு, அது பலிக்கவும் செய்தது.

அந்த உத்தரவை எழுதிக் கொடுத்தவன் நான். என் பெயர் ஏகாம்பரம். தாலுகா ஆபீஸ் வாசலில், நகராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே, புங்கமரத்தடியில் மேசை போட்டு முப்பத்தோரு வருஷமாக மனு எழுதுகிறேன். அன்றைக்கு ஸ்டேஷன் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். இடம் எது என்று குறிப்பிட வேண்டிய வரியில் 'மேற்படி இடம்' என்று எழுதினேன். மேலே எந்த இடத்தையும் நான் சொல்லியிருக்கவில்லை, சர்வே எண் போடவில்லை, நான்கு எல்லை எழுதவில்லை. மேற்படி என்று ஒரு தாளில் இருந்தால் மேலே ஏதோ இருக்கும் என்று அதிகாரிகள் நம்பிவிடுவார்கள், முப்பத்தோரு வருஷமாக அந்த நம்பிக்கையில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. பால்பாண்டியும் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

அதனால் இடம் நடந்தபோது உத்தரவும் கூடவே நடந்தது. பால்பாண்டி டேப் பிடித்து அளந்தார், இருபதுக்கு இருபது, ஓர் அங்குலம் குறையவில்லை. கோடு அழியவில்லை, பழைய பீடித்துண்டுகள்கூடப் போட்ட இடத்தில் அப்படியே இருந்தன. முன்பு அது கிடந்த மண்ணில் வெளிறிய புல் மட்டும் முளைத்துக் கிடந்தது. உத்தரவை நாலு தடவை படித்தார். பிறகு என் மேசைக்கு வந்து, "யோவ் ஏகாம்பரம், என்னய்யா எழுதித் தொலைச்சே?" என்று மட்டும் கேட்டார். உத்தரவை ரத்து செய்தால் பழையபடி ஊர் முழுக்கக் கத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியும், ஆகவே அப்படியே விட்டுவிட்டார்.

அதன் நடை சினை எருமையின் நடை. ஒரு நாளைக்கு நாற்பதடி, ஐம்பதடி, மிஞ்சினால் நூறடி. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையன்றும் நகராது. ஊர் ஒரே வாரத்தில் பழகிவிட்டது. டவுன்பஸ் டிரைவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒரு கீரைக்காரி அதன்மேல் கீரைக்கட்டுகளைப் பரப்பி உட்கார்ந்து போலீஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள், வாசலில் வந்து நின்றால் பெண்கள் கோட்டை ஒட்டிக் கோலம் போட்டார்கள், டீக்கடையில் தினமும் காலையில் "இன்னைக்கு எங்க நிக்குது?" என்று கேட்பதும் "அரிசிக் கடைகிட்ட" என்று பதில் வருவதும் சாதாரணமாகிப் போனது. ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. யார் வாசலுக்கு வரும் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

ஏனென்றால் வாசலுக்கு வந்தால், வாயில் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டலாம். ரேஷன் கடை முன்னால் அது நின்ற அன்று கிழவர்கள் ஏறி நின்று எடைக் கல்லைப் பற்றிக் கத்தினார்கள், அடுத்த வாரம் புதுத் தராசு வந்தது. டெப்போ முன்னால் நின்ற அன்று ஒரு கண்டக்டர் ஏறி, இருபது நாள் லீவு கேட்டும் கொடுக்காத மேனேஜரை, அவர் ஜன்னலுக்கு நேராக நின்று, மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். ஒரு மருமகள் இடுப்பில் குழந்தையோடு ஏறி, ஒன்பது வருஷமாக இந்த வீட்டுக் குழம்பில் உப்பே இல்லை என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்ப் பாத்திரம் கழுவினாள். ஊருக்கு ஒரு மாதம் நல்ல நேரம் இருந்தது என்று சொல்ல வேண்டும், இருந்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஒரு மாதமும் இடத்தின் பின்னாலேயே நடந்தவள் ஒருத்தி இருந்தாள். பவளக்கொடி. முப்பத்திநாலு வயது, பஸ் ஜன்னலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள், மிளகாய்ப்பொடி தடவி நாலாய்ப் பிளந்து கொடுப்பாள், அவள் "வெள்ளரீ..." என்று இழுத்தால் பஸ் ஸ்டாண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும், தூங்குகிற டிரைவர் எழுந்து உட்காருவான். புரட்டாசியில் அவள் தெருவில் தண்ணீர்த் தொட்டி இடிந்து விழுந்தது. தொட்டிக்கு அடியில் குடத்தோடு நின்ற அவள் மகள், ஒரே மகள், பதினொரு வயது, செத்துப் போனாள்.

தொட்டியைக் கட்டியவர் நகர்மன்றத் தலைவர் கோதண்டபாணியின் மச்சினர். நகராட்சியின் கான்ட்ராக்ட் எல்லாம் அவருக்குத்தான். அவர் பெயரை இப்போது எழுத என் கை வரவில்லை, ஆகவே மேற்படியார் என்று எழுதுகிறேன். பவளக்கொடி அந்தப் பெயரை டீக்கடையில் வைத்துச் சொன்னாள், மேற்படியார் அவதூறு வழக்கு நோட்டீஸ் அனுப்பினார், ஸ்டேஷனில் உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள்: கோட்டுக்கு வெளியே அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன். கோட்டுக்கு உள்ளே சொல்லலாமே என்று பால்பாண்டி பெருந்தன்மையாகச் சொன்னார். பதினொரு திங்கட்கிழமை அவள் கழிப்பறைக்குப் பக்கத்தில் போய் நின்று அந்தப் பெயரைச் சொன்னாள். கேட்டது இரண்டு நாய்களும், சில்லறைத் தட்டோடு உட்கார்ந்திருந்த கழிப்பறைக்காரரும்.

இடம் நடக்கத் தொடங்கியதும் அவள் திசையைப் பார்த்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவீதி, கடைவீதியிலிருந்து மாதாகோயில் தெரு, அங்கிருந்து நேராக நகராட்சி அலுவலகம். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, இது நகராட்சிக்குத்தாண்ணே போகுது. நீங்க வேணாப் பாருங்க."

"போகட்டும்மா. போனா என்ன?"

"மன்றக் கூட்டம் நடக்கையில வாசல்ல நிக்கும். ஊரே இருக்கும். அன்னைக்கு நான் ஏறி நின்னு அவம் பேரைச் சொல்லுவேன். அதுக்கப்புறம் செத்தாலும் பரவால்ல."

அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நிவாரணம் வேண்டாம், அரசு வேலை வேண்டாம், இரண்டையும் தருவதாகச் சொல்லி வந்த ஆட்களை வாசலோடு அனுப்பிவிட்டாள். ஊர் கேட்கிற இடத்தில் ஒரு தடவை, தன் தொண்டையால், நடந்ததைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஒரு மனுஷி கேட்டது, அதற்குத்தான் இத்தனை பாடு.

இடம் மாதாகோயில் தெருவுக்குள் திரும்பிய அன்றிலிருந்து கதை நாறத் தொடங்கியது. அங்கே ஜெசிந்தா டீச்சர் வாடகைக்கு இருந்தார், அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர், நாற்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். மூன்று மாதத்துக்கு முன்னால் பரீட்சை ஹாலுக்குள் கோதண்டபாணி பரிவாரத்தோடு நுழைந்தபோது, எழப்போன பிள்ளைகளைப் பார்த்து, "யாரும் எழுந்திருக்க வேண்டாம், நேரம் போகுது, எழுதுங்க" என்று சொன்னவர். தலைவர் அதை மறக்கவில்லை. இடம் டீச்சரின் வாசலில் வந்து நின்ற காலையில் தலைவரின் ஆட்கள் முப்பது பேர் கோட்டுக்குள் ஏறினார்கள்.

அவர்கள் பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை. டீச்சர் வீட்டுக்கு எத்தனை மணிக்கு யார் வருகிறார்கள், கொடியில் என்ன துணி காய்கிறது, ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று பேசினார்கள். ஒருவன் சொன்னதை இன்னொருவன் இன்னும் கொஞ்சம் அசிங்கமாகச் சொன்னான். நகராட்சியை எதிர்த்து முந்தின வாரம் கத்தியவர்களும் வேடிக்கை பார்க்க வந்து, வந்தது வந்தோம் என்று ஏறினார்கள், அந்தக் கண்டக்டரும் ஏறினார், உப்பில்லாத குழம்பு சாப்பிட்ட மருமகளும் ஏறினாள். மூன்று நாள் இடம் அங்கேயே நின்றது. அதற்கு நல்லவன் கெட்டவன் தெரியாது, ஏறினவனையெல்லாம் தாங்கியது. டீச்சர் ஸ்டேஷனுக்கு போன் செய்தார். "கோட்டுக்கு உள்ளயா வெளியயாம்மா?" என்று கேட்டார்கள். உள்ளே என்றதும் வைத்துவிட்டார்கள்.

நானும் அங்கே இருந்தேன். கோஷம் சுருதி சேராமல் இழுபடுகிறது, ரெண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள், எதுகை எனக்குக் கைவந்த கலை, நின்ற நிலையில் எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு வரியை இங்கே எழுத மாட்டேன். நாலாம் நாள் டீச்சர் ஒரு மினி லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓடைப்பட்டிக்குப் போய்விட்டார். லாரி கிளம்பியபோது என் வரியைத்தான் பாடினார்கள்.

லாரி போன பிறகு ஊருக்கு வெட்கம் வந்தது. வெட்கம் வந்தால் கூட்டம் போடுவது வழக்கம், ஆகவே அமைதிக் குழுக் கூட்டம் போட்டார்கள். கோட்டாட்சியர் தலைமை, தலைவர், இன்ஸ்பெக்டர், வியாபாரிகள் சங்கம், மூன்று மதத்துக்கும் ஆளுக்கொருவர், குறிப்பெழுத நான். மிக்சரும் டீயும் வந்தன. பேச்சுக்கும் ஒரு எல்லை வேண்டாமா என்று எல்லோரும் கேட்டார்கள். வேண்டும்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்த மினி லாரியைப் பார்த்த எவனும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். கோட்டுக்குள் நின்று எந்தப் பெண்ணையும் ஆபாசமாகப் பேசக் கூடாது என்பது முதல் தீர்மானம், எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய கை இறங்குவதற்குள் கோதண்டபாணி இரண்டாவதையும் வாசித்தார்: எந்தத் தனிநபரின் பெயரையும் சொல்லக் கூடாது. கோஷங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துச் சரிபார்த்து சீல் வாங்க வேண்டும் என்பது மூன்றாவது. அவற்றுக்கும் சேர்த்தே கைதட்டியதாகக் குறிப்பில் எழுதினேன்.

சரிபார்க்கிற வேலை எனக்கு வந்தது. சீல் செய்து கொடுத்தார்கள். நானும் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன், பொய் சொல்வானேன். முப்பத்தோரு வருஷம் அதிகாரிகளின் வாசலில் நின்றவனுக்குத் தன் வாசலில் ஆட்கள் நிற்பது தித்திக்கத்தான் செய்யும். ஆபாசத்தை அடித்தேன். பெயரை அடித்தேன். அடித்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் விட மனம் வராமல் 'சம்பந்தப்பட்டோர்' என்று எழுதினேன். இரண்டு வாரத்தில் ஊர் இப்படிக் கத்திக்கொண்டிருந்தது: வேண்டும் வேண்டும், ஆவன செய்ய வேண்டும். கண்டிக்கிறோம் கண்டிக்கிறோம், கண்டிக்கத்தக்கதைக் கண்டிக்கிறோம். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு கடந்து போனார்கள், பால்பாண்டிக்கு மூன்று வருஷத்தில் முதல் முறையாக நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பவளக்கொடி தன் தாளோடு வந்தாள். ஒரே வரி. மேற்படியாரின் பெயர், தொட்டி, தன் மகளின் பெயர்.

"பேர் வரக் கூடாது பவளம். தீர்மானம் இருக்கு."

"டீச்சரம்மாவை அசிங்கமாப் பேசுனாங்களே, அதுவும் நான் சொல்றதும் ஒண்ணாண்ணே?"

"ஒண்ணுன்னு நான் சொல்லலை. ஆனா இதை விட்டா அதையும் விடணும்பாங்க."

"அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களா உங்களைச் சரிபார்க்க வெச்சிருக்காங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். அவள் வரியை அடித்துவிட்டு, 'சம்பந்தப்பட்டோர் மீது தக்க நடவடிக்கை வேண்டும்' என்று எழுதி சீல் குத்தினேன். அவள் தாளை வாங்கிப் படித்தாள், எழுத்துக் கூட்டி, மெதுவாக.

"முன்னாடியும் இப்படித்தான் எழுதினீங்களாண்ணே?" என்றாள்.

"எப்பம்மா?"

"தொட்டி விழறதுக்கு முன்னாடி."

நான் பேனாவை மூடினேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அதைச் சொல்லியாக வேண்டும். தொட்டி விழுவதற்கு ஆறு வாரத்துக்கு முன்னால் அந்தத் தெருவிலிருந்து பன்னிரண்டு பெண்கள் என் மேசைக்கு வந்தார்கள், பவளக்கொடி முன்னால் நின்று பேசினாள், தொட்டி விழப் போகிறது என்று சொன்னாள், யார் கட்டியது என்று சொன்னாள், இன்னும் சொன்னாள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, விழப் போகிறது என்று எழுதினால் பீதி கிளப்புவதாகச் சொல்வார்கள், பெயரை எழுதினால் மனுவை வாங்கவே மாட்டார்கள், மனு என்பது பணிவாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, வேறொன்றை எழுதினேன். படித்துக் காட்டவில்லை. அண்ணன் சரியாகத்தான் எழுதியிருப்பார் என்று பன்னிரண்டு பேரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். நகராட்சியில் என் மனுவைப் படித்தவர்கள் அவசரமில்லை என்று கோப்பில் வைத்தார்கள். அவர்கள் படித்ததில் அவசரம் ஒன்றும் இல்லைதான்.

பங்குனி பிறந்து மூன்றாம் நாள் இடம் நகராட்சி வாசலுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே மன்றக் கூட்டம், வெளியே ஊர். கோதண்டபாணி ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டுத் திரையை மட்டும் விலக்கிப் பார்த்தார், மேற்படியார் காரை விட்டு இறங்கவில்லை, பால்பாண்டி கையில் நான் சீல் குத்திய தாள். எதிரே என் மேசையில் நான். பவளக்கொடி கூடையை இறக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். அவள் கையில் இருந்தது நான் கொடுத்த தாள் இல்லை.

"என்னம்மா அது? லிஸ்ட்ல இருக்கறதைத்தான் பேசணும்," என்றார் பால்பாண்டி.

"பேரு இல்ல சார். யாரையும் திட்டலை சார். நகராட்சி சீல் இருக்கு, பாருங்க."

அவர் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஆட்சேபிக்க ஒரு சொல்லைத் தேடினார், கிடைக்கவில்லை. திருப்பிக் கொடுத்தார். என் வேலை அவ்வளவு சுத்தம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய, அந்தப் பழைய மனுவின் நகல் அது. அதைக் கேட்கிற விண்ணப்பத்தை அவளுக்கு எழுதிக் கொடுத்தது ஜெசிந்தா டீச்சர். ஓடைப்பட்டி பஸ்ஸில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கக் கை நீட்டிய டீச்சரிடம், பஸ் கிளம்புவதற்குள் கேட்டாளாம், மறுநாள் அதே பஸ்ஸில் எழுதி வந்து கொடுத்தாராம். இந்த ஊர் துரத்திவிட்ட பெண் ஒரு சொல்லையும் மாற்றாமல், அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பவளக்கொடி வாசித்தாள். பஸ் ஸ்டாண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கிற அந்தக் குரலில், எழுத்துக் கூட்டி, இழுத்து இழுத்து, ஒவ்வொரு சொல்லாக.

"அய்யா. எங்கள் தெரு. தண்ணீர்த் தொட்டியில். சிறு சிறு பராமரிப்புப் பணிகள். தேவைப்படுவதை. தங்களின் மேலான கவனத்துக்கு. மிகுந்த பணிவுடன். கொண்டுவருகிறோம். நிதிநிலையைப் பொறுத்து. தங்களுக்கு வசதிப்படும்போது. ஆவன செய்தால் போதுமானது."

அவள் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். இரண்டாம் தடவை 'வசதிப்படும்போது' என்ற இடத்தில் அவள் தெருப் பெண் ஒருத்தி, "அய்யய்யோ, இதுலயாடி நாம கையெழுத்துப் போட்டோம்?" என்று அலறினாள். இன்னொருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். பவளக்கொடி மூன்றாம் தடவை வாசித்தாள். அது என் வாசகம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், முப்பத்தோரு வருஷமாக ஊரின் சாதிச் சான்று மனுவும் பட்டா மனுவும் அந்த வாசகத்தில்தான் போயிருக்கின்றன. ஒவ்வொரு தலையாக ரோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பியது. மேற்படியாரின் கார் கிளம்பிப் போனதை அப்போது யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் இடம் நகர்ந்தது. அதுவரை நடக்காத வேகத்தில், அவளையும் தூக்கிக்கொண்டு, ரோட்டைக் குறுக்கே கடந்து வந்தது. ஒரு மணல் லாரி பிரேக் போட்டு நின்றது. நான் எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை என்பதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கால் வரவில்லை. வெள்ளைக் கோடு என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றது, நானும் என் மேசையும் கோட்டுக்குள் இருந்தோம். எதிரே அவள்.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்கண்ணே," என்றாள். கத்தவில்லை. "பேருகூட நீங்க சொல்ல வேணாம். நான் சொன்னதை மட்டும் சொல்லுங்க. கோட்டுக்குள்ளதான் இருக்கீங்க, கேசு வராது."

வாயைத் திறந்தேன். "மேற்படி தொட்டியானது" என்று வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி திறந்தேன். "மனுதாரர் தரப்பில் தெரிவிக்கப்பட்டவாறு" என்று வந்தது. மூன்றாம் தடவை பணிவுடன் என்ற ஒரு சொல் மட்டும் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பவளக்கொடி, "சரிண்ணே, எழுதியாவது வைங்க," என்று சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஏழு மாதமாகிறது. இடம் என் மேசைக்கு அடியிலேயே நிற்கிறது, ஓரடி நகரவில்லை. நான் மேசையை நகர்த்திப் பார்த்தேன், மேசையோடு சேர்ந்து நகர்கிறது. மனு எழுத ஒருவரும் வருவதில்லை. கோஷம் போடவும் வருவதில்லை, என் பக்கத்தில் வந்து நிற்க அருவருப்பு. அமைதிக் குழு நிம்மதியாக இருக்கிறது. கோதண்டபாணி நிம்மதியாக இருக்கிறார். மேற்படியார் அதே தெருவில் புதுத் தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறார், பாதித் தூண் எழுந்துவிட்டது, ஊரில் எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள், நமக்கேன் வம்பு.

பவளக்கொடி மட்டும் தினமும் பதினொரு மணி பஸ்ஸுக்குப் போகிற வழியில் என் மேசைக்கு எதிரே நிற்பாள். மனு கொடுத்தவர்கள் கேட்கிற அதே குரலில், "ஆச்சாண்ணே?" என்று கேட்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். போய்விடுவாள். மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் ஏழு மாதம் இப்படிக் கேட்டாள்.

இன்றைக்குக் காலையில் அந்தப் புதுத் தூணின் அடியில் தண்ணீர் லாரிக்காகப் பெண்கள் குடத்தோடு வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். வந்து உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். கடைசித் தாளுக்கு வந்துவிட்டேன். அன்று அவள் சொன்னது இதுதான், ஒரு சொல்லையும் மாற்றவில்லை:

"தொட்டி இன்னைக்கோ நாளைக்கோ விழுந்துரும்ணே. தூணுல கம்பி வெளிய தெரியுது, கை வெச்சா சிமெண்டு மாவாக் கொட்டுது. தெய்வசிகாமணி கட்டுன தொட்டி, திருட்டுத் தொட்டி. அதுக்கு அடியிலதாண்ணே எங்க புள்ளைங்க தண்ணி புடிக்குதுங்க. எம்மக தர்ஷிகா தெனமும் அங்கதான் நிக்கிறா. விழுந்தா புள்ளைங்க செத்துரும். இதை இப்படியே எழுதுங்க."

மணி பத்தே முக்கால். அவள் வருகிற நேரம்தான். இந்தத் தடவை, படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும்.